கலங்காத தொட்டி

காலை பத்தே முக்காலுக்குத் தொட்டி கலங்கியிருக்க வேண்டும். கலங்கவில்லை.

பிரிப்புக் கூடத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கலக்கம் என்பது நல்ல சேதி. வடிகட்டிய நொதிச் சாற்றில் பாலிமரையும் உப்பையும் போட்டுச் சுழலவிட்டால், பால் ஊற்றியதுபோல் வெளுத்துக் கலங்கும். சுழலியை நிறுத்தி அரை மணி நேரம் சும்மா விட்டால் மேலே ஒரு தண்ணீர், கீழே ஒரு தண்ணீர் என்று இரண்டாகப் பிரியும். எண்ணெயும் தண்ணீரும் பிரிவது எல்லோருக்கும் தெரிந்த கதை. தண்ணீரும் தண்ணீரும் பிரிவதை இந்த மாதிரிக் கூடங்களில்தான் பார்க்க முடியும். மேல் தண்ணீரில் பாலிமர், கீழ்த் தண்ணீரில் உப்பு. வேண்டிய நொதி மேலே ஏறிக்கொள்ளும். வேண்டாத புரதமெல்லாம் கீழே தங்கிவிடும்.

இன்று தொட்டியின் முன்பக்கக் கண்ணாடியில் கண்ணை வைத்தால், பின்பக்கக் கண்ணாடி வழியாக எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த தீயணைப்பான் சிவப்பாகத் தெரிந்தது. நானூறு லிட்டர் சாறு, வடிகட்டிய தேநீர்போலத் தெளிந்து, ஒரு குற்றமும் அறியாததுபோல் நின்றது.

"அண்ணி, நான் நீங்க சொன்னபடிதான் போட்டேன்" என்றாள் உப்பக்காவின் நாத்தனார். கையுறையைக் கழற்றாமல் கையைப் பிசைந்துகொண்டிருந்தாள்.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

"நீங்க கேக்காம நிக்கிறதுதான் பயமா இருக்கு."

உப்பக்கா மறுபடி கண்ணாடியில் கண்ணை வைத்தாள். கூடத்தில் எல்லோரும், மேலதிகாரிகள் உட்பட, அவளை உப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் வேறு பெயர் இருந்தது. அதைப் படிக்கும்போது யாரோ போலிருக்கும் அவளுக்கே.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் குடுவை கழுவ வந்தவள் அவள். பத்தாவதோடு படிப்பு நின்றது. கழுவ வரும் சோதனைக் குழாய்களில் சிலவற்றில் நடுவே ஒரு கோடு இருக்கும். மற்றதையெல்லாம் கவிழ்த்துவிட்டு அவற்றை மட்டும் ஜன்னல் விளிம்பில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருப்பாள். "ரெண்டும் தண்ணிதானே சார், அதுக்குள்ள என்ன தகராறு?" என்று அப்போதிருந்த அதிகாரியிடம் கேட்டாள். அவர் சிரித்துவிட்டு, அடுத்த மாதமே எடை போடும் மேசைக்கு மாற்றிவிட்டார். அதற்கப்புறம் யாரும் அவளுக்கு எதையும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. உப்புகளோடு அவள் உறவுக்காரர்களோடு பழகுகிற மாதிரியே பழகினாள், யார் வந்தால் வீட்டில் என்ன நடக்கும் என்று பார்த்துப் பார்த்து.

பாஸ்பேட் புது மாப்பிள்ளை. வந்து உட்கார்ந்ததும் வீட்டில் இருக்கிற தண்ணீரெல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு உபசாரம் செய்யும். பாலிமரைக் கவனிக்க ஆளிருக்காது. அது முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு மாடிக்குப் போய்விடும். அதுதான் பிரிவு. சல்பேட்டும் அதே குணம், மாப்பிள்ளைக்குத் தம்பி. குளோரைடு அப்படி இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி, மாடியிலும் சிரிக்கும், கீழேயும் சிரிக்கும், யாரையும் விரட்டாது. ஆனால் நொதியை மட்டும் லேசாக மேல்பக்கம் நகர்த்திவிட்டுப் போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பட்டதாரிகளிடம் அவள் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். ஆறு மாதம் கழித்து அவர்களே "மாப்பிள்ளை எத்தனை கிலோ?" என்று கேட்பார்கள்.

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று ஐந்து. இரண்டு மணிக்குள் நொதி மேல் தண்ணீருக்குப் போய்ச் சேர்ந்து, குளிர் அறைக்குள் நுழைந்திருக்க வேண்டும். ஏனென்றால் அதே சாற்றில், புரதத்தைக் கடித்துத் தின்பதையே தொழிலாகக் கொண்ட இன்னொரு நொதியும் கிடந்தது. பிரிக்காமல் விட்டால் அது இதைத் தின்றுவிடும். மாலையில் தொட்டியில் வெறும் கூழ்தான் இருக்கும்.

அதுவும் இன்றைக்கு. நாத்தனாரின் தகுதிகாண் வருடம் இன்றோடு முடிகிறது. கட்டியவன் ஒரு நாள் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்ட பிறகு, இரண்டு பெண் பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள் அவள். மூன்றே அறை, ஒரே அடுப்பு, அதற்கு அண்ணியும் நாத்தனாரும். யார் துடைத்த மேசையை யார் மறுபடி துடைத்தார்கள் என்பதில் ஆரம்பித்தால் மதியம் வரை போகும். உப்பக்காதான் அலைந்து அவளை இந்த வேலையில் சேர்த்துவிட்டாள். நல்ல மனதோடு பாதி, பகலிலாவது அடுப்படி காலியாகும் என்று பாதி. கடைசியில் சண்டைக்கு வீட்டில் அடுப்பு, இங்கே தொட்டி என்று ஆகிவிட்டது. நிரந்தர ஆணை தட்டச்சாகி அதிகாரியின் மேசையில் இருந்தது, கையெழுத்துதான் பாக்கி. அது கிடைத்தால் நாத்தனார் தனியாக வீடு பார்ப்பாள். கிடைக்காவிட்டால் தாயும் பிள்ளைகளும் அதே மூன்று அறையில், இந்த முறை வேலையும் இல்லாமல்.

இன்றைய எடைத் தாளில் நாத்தனாரின் கையெழுத்து மட்டும் இருந்தது. காலையில் உப்பக்கா பண்டகசாலைக்குப் போகிற அவசரத்தில் வாயால் சொல்லிவிட்டுப் போயிருந்தாள்: "பழைய கீழ்த் தண்ணியையே எடுத்துக்க. மீட்டர்ல நூத்திப் பதினெட்டு வர்ற வரைக்கும் பாஸ்பேட் போடு. போதும்." நாத்தனார் அப்படியேதான் செய்திருந்தாள். தண்ணீரில் எவ்வளவு உப்பு என்று மின்கடத்தலை வைத்து அளக்கும் அந்த மீட்டர் இப்போதும் நூற்றுப் பதினெட்டு காட்டியது.

அதிகாரி உள்ளே வந்தார். நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டைத் திருப்பிப் பார்க்கும் பழக்கத்தால் 'கடிகாரம்' என்று பெயர் எடுத்தவர். கண்ணாடி வழியாகப் பார்த்தார், தீயணைப்பானைப் பார்த்தார், பிறகு எடைத் தாளைப் பார்த்தார்.

"யாரு போட்டது?"

"நான்தான் சார்" என்றாள் நாத்தனார்.

"எத்தனை கிலோன்னு எண்ணிப் போட்டீங்களா, இல்ல பேச்சு சுவாரசியத்துல விட்டுட்டீங்களா?"

"பேச ஆளே இல்ல சார். தனியாத்தான் இருந்தேன்."

"அது வேற தப்பு. ரெண்டு பேர் இருக்கணும்." மணிக்கட்டைத் திருப்பினார். "பன்னெண்டுக்குள்ள என்ன காரணம்னு எனக்குத் தெரியணும். உப்பக்கா, நீங்க பாருங்க. இவங்க எதையும் தொட வேண்டாம்."

நாத்தனார் இரண்டடி பின்னால் போய்ச் சுவரோரம் நின்றாள். உப்பக்காவை ஒரு தடவை பார்த்தாள். வீட்டில் சண்டைக்கு முன்னால் பார்க்கிற பார்வை இல்லை அது. என்ன பார்வை என்று உப்பக்காவுக்குப் பிடிபடவில்லை.

உப்பக்கா தொட்டியிலிருந்து இரண்டு குழாய்களில் சாறு பிடித்து மேசைக்குக் கொண்டுபோனாள். முதல் குழாயில் சாதாரண உப்பு கொஞ்சம் போட்டுக் குலுக்கினாள். மீட்டர் முனையை உள்ளே விட்டதும் எண் கிடுகிடுவென்று ஏறி நூற்று முப்பதைத் தாண்டியது. குழாய் கலங்கவே இல்லை. எழுத்துத் தாளைப் பின்னால் பிடித்தால் படிக்க முடிந்தது.

இரண்டாவதில் பாஸ்பேட் அரைக் கரண்டி. குலுக்கிய மாத்திரத்தில் குழாய் பாலாக வெளுத்தது. தாங்கியில் நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். பத்து நிமிடத்தில் குழாயின் நடுவே கோடு விழுந்தது.

அந்தக் கோட்டைப் பார்த்ததும் அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம் என்றும் உடனே தோன்றியது.

பிரித்து முடிந்த பிறகு கீழே மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் கொட்டுவதில்லை. பீப்பாயில் சேமித்து, குறைகிற உப்பைப் புதிதாகச் சேர்த்து, அடுத்த சாற்றுக்கு ஓட்டுவார்கள். ஐந்து முறைக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது விதி. பீப்பாய்க்குப் பக்கத்துப் பலகையில் ஒவ்வொரு ஓட்டத்துக்கும் ஒரு கோடு போட வேண்டும். உப்பக்கா ஐந்து கோடு ஆனதும் அழித்துவிட்டு, தண்ணீரைக் கொட்டாமலே, மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிப்பாள்; இன்னொரு ஐந்தோ பத்தோ ஓட்டிய பிறகுதான் கொட்டுவாள். வருடக்கணக்காக இப்படித்தான். எதுவும் ஆனதில்லை. ஏனென்றால் அப்போதெல்லாம் தொட்டியில் இருந்த உப்பு முழுக்க பாஸ்பேட். மீட்டர் என்ன சொல்கிறதோ அதுதான் உண்மை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் சாற்றின் புளிப்பைச் சரிசெய்யும் அமிலத்தை மாற்றினார்கள். பாஸ்பாரிக் போய் ஹைட்ரோகுளோரிக் வந்தது. ஒவ்வொரு சாற்றோடும் கொஞ்சம் குளோரைடு உள்ளே வந்து, பாதி கீழ்த் தண்ணீரிலேயே தங்கியது. அவள் அதையே திரும்பத் திரும்ப ஓட்டினாள். மீட்டருக்கு மாப்பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் என்ற வித்தியாசம் தெரியாது. எத்தனை பேர் என்று மட்டும்தான் எண்ணும். குளோரைடு ஏற ஏற, அவள் பாஸ்பேட்டைக் குறைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். எண் மட்டும் நூற்றுப் பதினெட்டிலேயே நின்றது.

முதல் சில வாரம் விளைச்சல் கூடியது. குளோரைடு நொதியை மேலே நகர்த்திவிட்டதால் மேல் தண்ணீரில் அதிகமாகக் கிடைத்தது. அதிகாரி எல்லோர் முன்னாலும் "உப்பக்கா கை ராசி" என்றார். அந்தப் பேச்சு அவளுக்கு இனித்தது. கீழ்த் தண்ணீரைக் கொட்டினால் ராசி போய்விடுமோ என்று, படித்தவர்களிடம் சொல்ல முடியாத ஒரு காரணத்துக்காக, அவள் மேலும் ஓட்டினாள்.

பலகையில் இப்போது மூன்று கோடு இருந்தது. அதைப் பார்க்கிற யாருக்கும் ஒரு சந்தேகமும் வராது.

அதிகாரி பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது திரும்பி வந்தார். இரண்டாவது குழாயைத் தூக்கிப் பார்த்ததும் அவர் தோள் இறங்கியது.

"அப்ப பாஸ்பேட்தான் குறை."

"ஆமா சார். பதினாலு கிலோ போட்டா கலங்கும்."

"பொழைச்சோம்." பையிலிருந்து பச்சைச் சீட்டை எடுத்தார். பண்டகசாலையிலிருந்து புது மூட்டை வாங்க அந்தச் சீட்டு வேண்டும். "நான் கையெழுத்துப் போட்டுட்டேன். காரணம்ங்கிற கட்டத்துல, எடை போட்டவர் குறைச்சுப் போட்டுட்டார்னு எழுதிடுங்க. சீக்கிரம்."

அவள் பேனாவை வாங்கினாள். கட்டம் இரண்டு விரல் அகலம்தான் இருந்தது.

எழுதினால் தொட்டி பிழைக்கும். யாரும் அவளை எதுவும் கேட்க மாட்டார்கள். நாத்தனார் மறுத்துப் பேசினாலும், "மீட்டரைச் சரியாப் பாக்கத் தெரியாம போட்டிருப்பா" என்று ஒரு வார்த்தை போதும். பத்தொன்பது வருடத்து ஆளின் பேச்சு எடுபடுமா, தகுதிகாண் ஆளின் பேச்சு எடுபடுமா. வீட்டில் வேண்டுமானால் பிள்ளைகளுக்குப் பள்ளிச் செலவைத் தானே பார்த்துக்கொள்ளலாம். அடுப்படியில் இன்னும் கொஞ்சம் பொறுத்துப்போகலாம். இப்படியெல்லாம் ஈடு கட்டிக்கொண்டே அவள் பேனாவைக் கட்டத்துக்கு மேலே வைத்திருந்தாள்.

சுவரோரம் நின்ற நாத்தனார் வாயைத் திறக்கவில்லை. அதுதான் உப்பக்காவைத் தொந்தரவு செய்தது. மேசை துடைத்ததற்கே அரை நாள் பேசுகிறவள். "அண்ணிதான் சொன்னாங்க" என்று ஒரு வரி சொல்லியிருந்தால், கோபத்திலாவது எழுதிவிடலாம்.

"என்ன யோசனை? மணி பன்னெண்டு ஆகப்போகுது" என்றார் அதிகாரி.

"சார், அவ குறைச்சுப் போடல."

"பின்ன?"

"மீட்டர் சொன்னதைத்தான் போட்டா. மீட்டரை அப்படிப் பொய் சொல்ல வெச்சது நான்." சொல்ல ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. அமிலம் மாறியது, குளோரைடு தேங்கியது, பலகையை அழித்தது எல்லாவற்றையும் வேலைக் குறிப்பு வாசிக்கிற குரலிலேயே சொன்னாள்.

அதிகாரி அவ்வளவு நேரத்தில் ஒரு தடவைகூட மணிக்கட்டைப் பார்க்கவில்லை.

"எவ்வளவு நாளா?"

"வருசக்கணக்கா சார்."

"நான் உங்களைப் பத்தி மேலிடத்துல என்னென்ன சொல்லி வெச்சிருக்கேன், தெரியுமா?"

"தெரியும் சார்."

"தெரிஞ்சேதான் செஞ்சீங்க." அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் தேவலை. "இப்ப இந்தத் தண்ணிய எத்தனை தடவை ஓட்டியிருக்கீங்க? நிஜக் கணக்கு. கட்டத்துல எழுதிக் கையெழுத்துப் போடுங்க. இல்லேன்னா மூட்டை வராது."

அவள் குனிந்து எழுதினாள்: 'கீழ்த் தண்ணீர் எட்டு முறை ஓட்டப்பட்டது. பொறுப்பு என்னுடையது.'

"ஒன்பது" என்றாள் பின்னாலிருந்து நாத்தனார்.

இருவரும் திரும்பினார்கள்.

"ஒன்பது தடவை அண்ணி. போன வாரம் நீங்க லீவு போட்டிருந்தப்ப ஒண்ணு ஓடிச்சு. அதை விட்டுட்டீங்க."

"உனக்குத் தெரியுமா?" என்றாள் உப்பக்கா.

"பலகையைத் துடைக்கிற துணிய மறுநாள் அலசிப் போடறது யாரு? நான்தானே."

"தெரிஞ்சா ஏன்மா அப்பவே சொல்லல?" என்று கேட்டது அதிகாரி.

நாத்தனார் அவர் பக்கம் திரும்பாமல் உப்பக்காவையே பார்த்தாள். "சொல்லிட்டு, ராத்திரி அதே வீட்டுக்குத்தானே சார் போகணும்" என்றாள். பிறகு, குரல் கொஞ்சம் தாழ்ந்து: "நீங்களே சொல்றீங்களான்னு பாத்தேன். பேனாவ ரொம்ப நேரம் கையில வெச்சிருந்தீங்க அண்ணி."

உப்பக்கா எட்டை அடித்து ஒன்பது என்று எழுதினாள். அடித்த இடத்தில் சின்னதாகக் கையெழுத்துப் போட்டாள்.

மூட்டை வரும்போது பன்னிரண்டே கால். உலர்ந்த பாஸ்பேட்டை மொத்தமாகக் கொட்ட முடியாது. தண்ணீரைத் தொட்டதும் சுடும், விழுந்த இடத்தில் இருக்கும் நொதி அங்கேயே வெந்துபோகும். கரண்டி கரண்டியாக, சுழலி இழுக்கிற சுழிக்குள் தூவ வேண்டும். உப்பக்கா ஏணியில் நின்று தூவினாள். கீழே நாத்தனார் வெப்பமானியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தி மூணு… இருபத்தி நாலு. நிறுத்துங்க. அண்ணி, நிறுத்துங்கன்னு சொன்னேன்."

"காதுல விழுந்துச்சு."

"விழுந்த மாதிரித் தெரியலையே."

ஏழாவது கிலோவில் ஒன்றும் ஆகவில்லை. பத்தாவதில் ஒன்றும் ஆகவில்லை. தீயணைப்பான் அதே சிவப்பாக நின்றது. ஒருவேளை கணக்குத் தப்பா, குழாயில் நடந்தது தொட்டியில் நடக்காதா என்று அவளுக்கு வியர்த்தது. பன்னிரண்டாவது கிலோ பாதி போன நேரம். கண்ணாடியில் முதலில் ஒரு புகை மாதிரி ஓடியது. மறைந்தது. அடுத்த கரண்டிக்கு மறுபடி வந்தது, மறையவில்லை. தீயணைப்பான் இளஞ்சிவப்பானது, பிறகு வெறும் கறை, பிறகு இல்லை. தொட்டி முழுக்கப் பால்.

"கலங்கிடுச்சு" என்றாள் நாத்தனார், தனக்குத்தானே.

மணி ஒன்று ஐந்து. சுழலியை நிறுத்தினார்கள். மூன்று பேரும் கண்ணாடி முன்னால் நின்றார்கள். ஒன்றரைக்குக் கோடு விழுந்தது. முதலில் நைந்த நூல் மாதிரி, பிறகு கத்தியால் கீறியதுபோல்.

உப்பக்கா கீழ்க் குழாயின் திருகைப் பிடிக்கக் கையை நீட்டினாள். கீழ்த் தண்ணீரை அந்த வழியாக வடித்து, கோடு திருகை நெருங்கும்போது மூட வேண்டும். பிந்தினால் நொதி இருக்கும் மேல் தண்ணீரும் ஓடிவிடும். கூடத்தில் அதை இத்தனை வருடமும், லீவு நாள் தவிர, அவள் ஒருத்திதான் செய்தாள்.

"நீங்க வேண்டாம்" என்றார் அதிகாரி. "விசாரணை முடியற வரைக்கும் மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம் நில்லுங்க. இவங்க மூடட்டும்." மேல் பையிலிருந்து நான்காக மடித்த ஆணையை எடுத்தார். "இதைச் சரியா மூடினா இன்னைக்கே கையெழுத்துப் போடறேன். சொல்லிக் கொடுக்கக் கூடாது."

தொட்டியைச் சுற்றித் தரையில் மஞ்சள் கோடு இருந்தது. பத்தொன்பது வருடமாக அவள் அதை மிதித்து நடந்திருக்கிறாள், பார்த்ததில்லை. போய் அதற்கு வெளியே நின்றாள்.

நாத்தனார் திருகைத் திறந்தாள். கீழ்த் தண்ணீர் சத்தமில்லாமல் பீப்பாயில் இறங்கியது. கோடு கண்ணாடியில் மெதுவாக இறங்கத் தொடங்கியது. பாதி வரை மெதுவாகத்தான் போகும். தொட்டியின் அடி குறுகுகிற இடம் வந்ததும் சரேலென்று வேகம் பிடிக்கும். அது நாத்தனாருக்குத் தெரியுமா என்று உப்பக்காவுக்குத் தெரியவில்லை. நாக்கு நுனி வரை வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். கைகள் தாமாகவே திருகுகிற மாதிரி வயிற்றருகே அசைந்தன. அதிகாரி பார்க்கிறார் என்று தெரிந்ததும் பின்னால் கட்டிக்கொண்டாள்.

மணி ஒன்று ஐம்பது. கோடு குறுகலுக்குள் நுழைந்தது. வேகம் பிடித்தது.

நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் திருகை இறுக்கி மூடினாள். கடைசிச் சொட்டு பீப்பாயில் விழுந்தது. கோடு திருகுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில் லேசாக ஆடி நின்றது.

அதிகாரி குனிந்து அதை வெகு நேரம் பார்த்தார். நிமிர்ந்து, ஆணையை விரித்துத் தொட்டியின் சுவரிலேயே வைத்து, பேனாவை எடுத்தார்.

ஒரு விரல் முன்னாலேயே மூடிவிட்டாள். உப்பக்காவாக இருந்தால் இன்னும் கொஞ்சம் ஓடவிட்டிருப்பாள்.